நேந்திரங்கன்று வந்த வழி

அன்புள்ள பாண்டிச்செல்விக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் கொச்சி மட்டாஞ்சேரி கிட்டங்கியில் மிளகு மூட்டைகளோடு சுகமாகத் தும்மிக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் உன் சத்தம் இங்கே யூதத் தெரு வரை கேட்கும் என்றுதான் கடிதம்.

நம் வாழையெல்லாம் உச்சியில் கொத்தாகக் குறுகி நிற்பதற்கு, பக்கத்துத் தோப்பு ஒச்சப்பன் அண்ணனை வரப்பில் நின்று ஏசினாயே, அவர்மேல் தப்பில்லை. ஆலுவாவில் பொறுக்கி வாங்கியதாக நான் பீற்றிய நேந்திரங்கன்றுகள், கிட்டங்கிக் கொல்லையில் ஓசிக்குப் பிடுங்கியவை. நேற்று அந்தத் தாய்வாழையைப் பார்த்தேன். அதே கொத்துத் தலை.

"இது வைரஸாடோ! கன்றோடயே வரும். அப்புறம் அசுவினிப் பூச்சி அடுத்த தோப்புக்கும் கொண்டுபோகும்" என்றார், கூட வேலைபார்க்கும் அப்பு சேட்டன். பூச்சியாவது பறந்துதான் கொண்டுபோகும். நான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டு வந்தேன்.

முதலில் பூச்சிக்கு மருந்தடி. பிறகு நோய் கண்டதைக் கிழங்கோடு தோண்டி அழித்துவிடு. ஒச்சப்பன் அண்ணனிடம் உண்மையைச் சொல்லி, அவர் தோப்பையும் பார்க்கச் சொல். நானே சொல்ல இரண்டு தடவை போனை எடுத்தேன், வெட்கத்தில் வைத்துவிட்டேன்.

கோபம் ஆறியதும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. ஆறாவிட்டால், திட்டியாவது நாலு வரி எழுது.

லோடு வந்துவிட்டது. பொங்கலுக்கு வந்ததும் முதலில் ஒச்சப்பன் அண்ணன் வாசலில்தான் நிற்பேன், கன்று எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு.

உன்,
சுடலைமணி