ஒன்பது சதவீதமும் என் பெயரும்

ஏப்ரல் 8, செவ்வாய்

லா மர்ஸா புறநகர் ரயிலில் நின்றபடி கைபேசியைத் திறந்தால் மாநாட்டுக் குழுவின் கடிதம். பத்து ஆண்டுகளுக்கு முன் வந்த கட்டுரைகளில் அதிகத் தாக்கம் ஏற்படுத்தியதற்கான விருது எங்களுக்காம். அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

நானும் ரீம் ஸீதும் எழுதியது. நாம் எழுதும் புரோகிராமைக் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றும்போதே, அதில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புகளை வேறு வரிசையில் அடுக்கிவிட்டால் ஒன்பது சதவீதம் வேகம் கூடும். அந்த ஒன்பதால்தான் பேராசிரியர் ஆனேன். தம்பி கல்யாணத்தில்கூட அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் ரீமின் அறை எனக்கு இரண்டு அறை தள்ளி. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஓ, அந்த ஒம்பதா? என் மெஷின்ல கடைசி வரைக்கும் ஒண்ணுதானே வந்துச்சு," என்றாள்.

பத்து ஆண்டாக இதே பாட்டு. உன் மெஷின் சரியில்லை என்று அன்று சொன்னதையே இன்றும் சொன்னேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஜூனில் லிஸ்பனில் விருது உரை. மேடையிலேயே பழைய சோதனையை ஓட்டிக் காட்டுவதாகக் குழுவுக்கு எழுதிவிட்டேன். யாராவது கேட்டார்களா?

ஏப்ரல் 14, திங்கள்

உரைக்கு ஒத்திகையாகப் பழைய சோதனையை ஓட்டினேன். ஒன்று. ஒன்பது இல்லை — ஒன்று!

ஏப்ரல் 15, செவ்வாய்

முப்பது முறை ஓட்டினேன். அன்று ஒன்பது வந்த பழைய இயந்திரத்தையே கிடங்கிலிருந்து இறக்கி, தும்மிக்கொண்டே துடைத்து, அதிலும் ஓட்டினேன். ஒன்று புள்ளி ஒன்று.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தவ்ஃபீக்கைப் பிடித்துக் கேட்டேன், என்னத்தை மாற்றித் தொலைத்தாய் என்று.

"ஒண்ணும் தொடலை, மஜீத் சார். போன மாசம் எல்லாரோட லாகின் பேரையும் எடுத்துட்டு ஊழியர் நம்பர் குடுத்தோம். அவ்வளவுதான்."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

சம்பந்தம் இருக்கிறது.

மத்தியானம் ரீம் இரண்டு கிண்ணம் லப்லாபி சூப்போடு வந்தாள். ஹரிஸ்ஸா மிளகாய் விழுதின் காரம் தூக்கலாக இருந்தது. கொண்டைக்கடலையை மென்றுகொண்டே, "உன் பழைய லாகின் பேரைத் திரும்பப் போட்டு ஓட்டு, பாப்போம்," என்றாள். அப்தெல்மஜீத் பென் அப்தெல்வாஹித். நடுவில் வைக்கும் புள்ளியோடு, ஆங்கிலத்தில் இருபத்து நான்கு எழுத்து. ஓட்டினோம். ஒன்பது! தன் ஏழு எழுத்துப் பெயரைப் போட்டாள். ஒன்று.

"உன் கண்டுபிடிப்பு பேரு நீளமா இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் வேலை செய்யுது மஜீத்!" சிரித்த சிரிப்பில் ஹரிஸ்ஸா அவளுக்கு மூக்கில் ஏறிவிட்டது.

புரோகிராம் தொடங்கும்முன், அது யாருடையது என்பதை அதன் நினைவகத்தின் ஓரத்தில் இயந்திரம் எழுதிவைக்கும். பெயர் நீண்டால் மற்றவை தள்ளி உட்காரும். என் பெயருக்கு, நாங்கள் மாற்றாத பழைய புரோகிராம் இடக்குமடக்கான இடத்தில் உட்கார்ந்து நொண்டியிருக்கிறது. எங்களுடையது ஒன்றும் பாய்ந்து ஓடவில்லை.

இப்படியெல்லாம் ஆகும் என்று மற்றவர்கள் எப்போதோ எழுதியாயிற்று. நானே பாடம் நடத்தியிருக்கிறேன். யாருக்கோ நடப்பது என்று நினைத்துக்கொண்டுதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

யாருக்குத் தெரியப்போவுது? சோதனையை விட்டுட்டுப் படத்தை மட்டும் காட்டிட்டு இறங்கிட்டா?

ரீமுக்குத் தெரியும். அன்றே தெரியும். அவளுக்கு வந்த ஒரு சதவீதத்தை அட்டவணையில் போடாமல் விட்டவன் நான்தான் — "கட்டுரை குழம்பிடும்" என்று ஒரு சாக்கு. வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 23, புதன்

லிஸ்பனுக்குக் கொண்டுபோகும் மடிக்கணினியில் என் முழுப் பெயரில் ஒரு கணக்கு திறந்தேன். ஒன்பது வந்தது. அழித்துவிட்டேன்.

மே 5, திங்கள்

ரீமிடம் போய், "விருது வேணாம்னு எழுதிடறேன்," என்றேன்.

"கடிதத்தை முழுசாப் படிச்சியா?"

"முதல் பத்தி..."

"நாசமாப் போச்சு. படி."

நின்றபடியே படித்தேன். ஒன்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. விருது கட்டுரையின் ஐந்தாம் பகுதிக்கு. வரிசை மாற்றிய லூப்பும் பழைய லூப்பும் ஒரே விடைதான் தருகின்றனவா என்று கம்பைலரே சரிபார்த்துக்கொள்ளும் முறை. பத்து ஆண்டாக எல்லோரும் எடுத்தாள்வது அதைத்தானாம். ரீம் எழுதிய பகுதி. பக்க வரம்பு மீறுகிறது, தூக்கிவிடலாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அவள்தான் படங்களைச் சுருக்கி இடம்பிடித்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீ ஒரு மாசம் பேயறைஞ்ச மாதிரி திரியறதைப் பார்த்திருக்க முடியுமா?"

உட்கார்ந்துவிட்டேன். "நீயே பேசு ரீம்."

"பேசினா அந்த ஒம்பதையும் விடமாட்டேன்."

"விடாதே."

ஜூன் 18, புதன், லிஸ்பன்

ரீம் பேசினாள், நான் தட்டச்சு வேலை. பெயர் சொல்லுங்கள் என்று அரங்கைக் கேட்டாள். சொல்லச் சொல்ல அந்தப் பெயரில் ஓட்டினேன். ஒருவருக்கு ஏழு, ஒருவருக்கு ஒன்று. மூன்றாம் வரிசைக்காரருக்கு மைனஸ் இரண்டு. அவர் எழுந்து நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அரங்கே சிரித்தது.

பிறகு பழைய அட்டவணையைக் காட்டினாள், விட்டுப்போன வரியோடு. அதை யார் விட்டது என்று அவள் சொல்லவில்லை. ஒலிவாங்கியை வாங்கி நான் சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்

கட்டுரைக்கான திருத்தக் குறிப்பு வெளியாகிவிட்டது. விருதுப் பலகையும் தபாலில் வந்தது. ரீமின் பெயர் முழுசாக இருக்கிறது. என்னுடையது "பென் அப்" என்ற இடத்தோடு விளிம்பில் நின்றுவிட்டது.

"தேவையில்லாததை வெட்டறதுதானே நம்ம தொழில்," என்றாள் ரீம்.

அவள் அறைச் சுவரில் நானே ஆணியடித்து மாட்டினேன். தள்ளி நின்று பார்த்து, கோணலாக இருக்கிறது என்றாள். இருந்தால் ஒரு மில்லிமீட்டர் இருக்கும் என்றேன். அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"ஒம்பது."

எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆணியைப் பிடுங்கினேன்.