மத்தியானத்தில் கூப்பிட்ட குரல்

அக்கா,

பக்கத்து வீட்டு வளவில் யாரோ கொத்தமல்லி அவிக்கிறார்கள். நேரம் நல்ல மத்தியானம். பலாலி விமானத்தளத்து ஆகாயக்கப்பல்கள்கூட இரைச்சல் அடங்கிக் கிடக்கின்றன. யுத்தப் பங்கீட்டுக் கூப்பன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், சுளகைத் தள்ளி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போன ஆளுக்கு மடல் எழுதுகிறவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று இங்கே கதை கட்டுவார்கள். கட்டட்டும். நேற்று நடந்ததை உங்களைத் தவிர யாரிடம் சொல்வது?

கொத்தமல்லி மணம் வந்தால் எனக்கு அன்னத்தின் வீடுதான் நினைவுக்கு வரும். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் நாம் இருவரும் மிஷனுக்காக வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டுகிறவர்கள். தெல்லிப்பழையிலிருந்து மயிலிட்டிக் கரைவரை எந்த ஒழுங்கைக்குள் எந்த நாய் கடிக்கும் என்பது நமக்கு அத்துப்படி. ஊரார் நம்மை வேதக்கார அக்காமார் என்பார்கள். ஆண்கள் புகையிலைத் தோட்டத்தில் நிற்கிற, உலை இறக்கின மத்தியானம்தான் பெண்களோடு கதைக்க வாய்ப்பான நேரம் என்று நீங்கள் வைத்திருந்தீர்கள். கோளாறு என்னவென்றால், அதே மத்தியானத்தில்தான் இந்த ஊர்ச் சனம் முன்பின் தெரியாத குரலுக்கு வாய் திறக்காது. உச்சி வெயிலில் திரிகிறதெல்லாம் மனிதர் இல்லை என்று அவர்களுக்குப் பயம். எத்தனை வீட்டுப் படலைக் கதவடியில் நாம் கிடுகு வேலியோடு கதைத்துவிட்டுத் திரும்பியிருப்போம்!

நீங்கள் சளைக்கிற ஆளா? படலையடியில் குடையோடு நின்று அந்தக் கரகரத்த குரலில், "பிள்ளை, நான்தான். வெயில் தாங்கேலாமல் கிடக்கு, ஒரு வாய் தண்ணி தாங்கோ" என்பீர்கள். முதல்முறை போகிற வீட்டிலும் 'நான்தான்'! யாரோ சொந்தக்காரி என்று நினைத்துத் திறந்தவர்கள் பாதிப்பேர். திறந்தபின் கடவுளைப் பற்றிக் கதைக்க முன் கத்தரிக்காயைப் பற்றிக் கதைப்பீர்கள். எனக்குப் பசிக்கும். உங்களுக்குத் தெரியாத ஆளே உலகத்தில் இல்லையா என்று நான் எரிச்சலோடு கேட்டால், "கதைச்சால்தானே தெரியும்" என்றுவிட்டு அடுத்த படலைக்கு நடப்பீர்கள்.

அப்படித் திறந்தவள்தான் அன்னம். இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் தோட்டக்காரன். நீங்கள் வாசிப்பதைக் கேட்பாள். கேட்டுவிட்டு, தான் திருநீற்றை விடமாட்டேன் என்று நேரே சொல்லிவிடுவாள். கேட்டால் போதும் என்பீர்கள் நீங்கள். இருவருக்கும் அதில் ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை.

மூத்தவள் நெருப்புக் காய்ச்சலில் போனாள். செத்தவீட்டுக்குப் போய் ஒரு மூலையில் இருந்தோம். எழும்பும்போது நான் உங்கள் சேலையைப் பிடித்து இழுத்தேன், நினைவிருக்கிறதா? சாவீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவது இங்கே வழக்கமில்லை. வருகிறேன் என்றால் சாவும் கூடவே திரும்பி வரும் என்பார்கள். நாங்கள் வேதத்துக்கு வந்து இரண்டு தலைமுறை. என்றாலும் என் அம்மா ஒரு சாவீட்டிலும் வாய் திறந்து விடைபெற்றதில்லை. நீங்கள் என் கையைத் தட்டிவிட்டு அன்னத்தின் தோளைத் தொட்டு, எல்லாரும் கேட்க, "போட்டு வாறன் பிள்ளை" என்றீர்கள்.

ஒப்பாரி நின்றுவிட்டது. அந்த அமைதியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. வழியெல்லாம் உங்களைத் திட்டித் தீர்த்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளை விட்டுவிட்டு ஒரு சொல்லும் இல்லாமல் களவாய்ப் போகிறவள்போல எப்படிப் போவது என்று கேட்டீர்கள்.  எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது.

பிறகு நம்மை நீர்வேலிப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். வாழைத் தோட்டங்களுக்குள் அலைந்து கொண்டிருந்தோம். அன்னத்தின் வீட்டை எட்டிப் பார்க்கவே இல்லை. ஒருநாள் காலையில் அவளே நம்மைத் தேடி, நாம் தங்கியிருந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலை வாரவில்லை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. சின்னவளுக்கும் அதே காய்ச்சல் என்றாள். 

"அக்கா, உங்களைக் கும்பிட்டன். மத்தியானத்திலை என்ரை படலைக்கு வராதேங்கோ."

நாம் வரவில்லை, நீர்வேலியில் அல்லவா நிற்கிறோம் என்று நான் குறுக்கிட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நாள்தோறும் வந்து நிக்கிறியள். நான்தான் பிள்ளை எண்டு கூப்பிடுறியள். குடை வேலிக்கு மேலாலை தெரியுது. நான் திறக்கேல்லை. ஆனா சின்னவள் படுக்கையிலை கிடந்து, அக்கா வந்திட்டா, திறவுங்கோ அம்மா எண்டு அழுகிறாள். எழும்பப் பாக்கிறாள். அண்டைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனியள். நீங்கள் சொன்னதாலைதான் அது வந்தது. நீங்களே அதைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

 பெற்றவள் கண்முழித்துக் கிடந்து கண்ட மயக்கம் என்று நீங்கள் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். பேய்க்குப் பயப்படாதேயுங்கள் என்று படலை படலையாய்ச் சொல்லித் திரிந்தவர் நீங்கள்தானே? அதை வந்து அகற்றுகிறேன் என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருடம் சொன்னதெல்லாம் என்னாவது? ஒப்புக்கொள்ளாவிட்டால் சின்னவள் எழும்பி நடந்து படலையைத் திறந்துவிடுவாள் என்று தாய் நம்புகிறாள். உங்கள் முகத்தில் இரண்டும் ஓடியதைக் கண்டேன். கடைசியில் குடையை எடுத்தீர்கள். "என்னாலை வந்தது எண்டால் நானே கொண்டு போறன்" என்றீர்கள். 

அன்னத்தின் வீட்டுக்குள் சாணி மெழுகின தரையில் சின்னவளின் பாயருகே இருந்தோம். அடுப்பில் கொத்தமல்லித் தண்ணீர் அவிந்துகொண்டிருந்தது. பிள்ளையின் உதடு வெடித்துக் கருத்திருந்தது. நீங்கள் ஈரத்துணியால் அவள் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தீர்கள். வெயில் ஏற ஏறக் கோழிகள் ஓய்ந்தன. எங்கோ கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த துலாச் சத்தமும் நின்றது. அப்போது கேட்டது.

"பிள்ளை, நான்தான்."

உங்கள் குரல். அதே கரகரப்பு. நீங்கள் என் பக்கத்தில் வாய் மூடி இருக்கிறீர்கள். குரல் படலையடியிலிருந்து வருகிறது. "வெயில் தாங்கேலாமல் கிடக்கு, ஒரு வாய் தண்ணி தாங்கோ." நான் இதை நம்புகிறேனா என்று போதகர் கேட்டால் இல்லை என்பேன். ஆனால் கேட்டேன், அக்கா. சின்னவள் முழங்கையை ஊன்றி எழும்பினாள். அன்னம் அவளை அமத்திப் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்த்தாள்.

நீங்கள் செம்பில் தண்ணீர் மொண்டீர்கள். ஜெபம் சொல்லப் போகிறீர்கள், அதட்டி விரட்டப் போகிறீர்கள் என்று நான் நினைத்தேன். நீங்கள் முற்றத்தைக் கடந்து போய்ப் படலையைத் திறந்து, வெளியே போய், உங்கள் பின்னால் அதைச் சாத்தினீர்கள். நான் பின்னால் ஓடிப்போய் வேலி இடுக்கால் பார்த்தேன். ஒழுங்கையில் யாரும் இல்லை. யாரும் இல்லாத இடத்தில் செம்பை நீட்டிக்கொண்டு, வழக்கமான அதே குழைவோடு, எந்தப் பக்கத்து ஆள், இன்றைக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று விசாரித்தீர்கள். "உள்ளை வருத்தக்காரப் பிள்ளை. நாங்கள் நடந்து கொண்டு கதைப்பம், வாங்கோ" என்றீர்கள். பிறகு குடையை விரித்து, அதில் பாதியை வெறுமைக்குக் கொடுத்துவிட்டு, கடற்கரைப் பக்கம் கதைத்துக்கொண்டே போனீர்கள். உங்கள் வலத் தோளில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முடக்கில் திரும்பும்வரை உங்கள் பேச்சுக் கேட்டது. ஒரு கட்டத்தில் இரண்டு பேர் ஒரே குரலில் கதைப்பதுபோல இருந்தது. நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

சின்னவள் அன்று பின்னேரம் வியர்த்து, கஞ்சி கேட்டாள். அந்தக் காய்ச்சல் தன் நாள் வந்தால் தானே திரும்பும் என்று பரியாரியார் சொன்னார். இருக்கலாம்.

நீங்கள் பொழுது சாய வந்தீர்கள். சேலைக்கரையில் கடல்மண். செம்பு வெறுமையாக இருந்தது. அது என்ன, யார் என்று நான் அரற்றினேன். நீங்கள் கால் கழுவிக்கொண்டே, பயந்த ஆளாக இல்லாமல், களைத்த ஆளாகச் சொன்னீர்கள்.

"அதோடை ஒருத்தரும் கதைக்கிறேல்லையாம். எல்லாரும் படலையைச் சாத்துகினம். என்ரை குரலுக்குத்தான் சனம் திறக்குது எண்டு கேட்டுப் பழகினதாம்."

பிறகு, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு: "இயேசுவைப் பற்றி அதுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அதற்குப் பிறகும் சில மத்தியானங்களில் நீங்கள் தனியாக மயிலிட்டிப் பக்கம் போனதைக் கண்டவர்கள் உண்டு. குடை எப்போதும் ஒரு பக்கம் சரிந்திருந்ததாம். போதகர் விசாரித்ததற்கு, புதிதாக ஒரு ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெயர் இன்னும் கேட்கவில்லை என்றீர்களாம். எனக்கு உங்களில் கோபம், அக்கா. அந்த வெயில்தான் உங்களைக் குடித்தது என்று நினைக்கிறேன். அடுத்த மாரியில் சளிக் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழும்பவில்லை. சாகிற நாளில் படலைப் பக்கம் பார்த்து, தண்ணீர் வைத்தாயா என்று என்னைக் கேட்டீர்கள். வைத்தேன் என்று பொய் சொல்லாமல், உண்மையாகவே எழும்பிப் போய் வைத்துவிட்டு வந்தேன்.

அன்னம் இன்றும் திருநீறுதான். சின்னவளுக்குக் கலியாணமாகிவிட்டது. ஆனால் மத்தியானத்தில் அன்னத்தின் படலை திறந்தே கிடக்கிறது. அந்த ஒழுங்கையில் அப்படி ஒரே ஒரு வீடு.

நான் உங்கள் வேலையைத்தான் செய்கிறேன். உங்கள் பேச்சுத் திறம் எனக்கு இல்லை. நாலு வீட்டில் மூன்று வீடு திறக்காது. இரயிலில் பக்கத்தில் இருக்கிறவளோடு வலிந்து கதைப்பேன். அவள் மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். நீங்கள் போனபிறகு ஒவ்வொரு மத்தியானமும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உங்கள் குரலுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அது நீங்கள் இல்லை என்று தெரிந்தும், அந்தக் குரல் ஒருதரம் கேட்டால் போதும் என்று இருந்தது.

நேற்றுக் கூப்பிட்டது. கை வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். பாதி முற்றத்தில் நின்றுவிட்டேன். உங்கள் குரல் இல்லை, அக்கா. கீச்சுக் குரல், சொல்லின் முடிவில் கொஞ்சம் திக்கும். என்னுடையது. அது இப்போது என் குரலைக் கேட்டுப் பழகியிருக்கிறது.

உங்களை இழந்ததற்கு அழாத அழுகையெல்லாம் அங்கே நின்று அழுதேன்.  பிறகு படலையைத் திறந்து, வெயிலுக்குள் நிற்க வேண்டாம் என்று சொன்னேன்.