முட்டி வலி என்றுதான் சொன்னாள்

ஓசூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள ரூபி பாப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தம்பி எட்சனும் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, புதன்கிழமை போனில் உன் குரல் அப்படி இருந்தது. எலும்பு மருத்துவ மேற்படிப்பை விட்டுவிட்டு தோல் மருத்துவத்துக்கு மாறட்டுமா என்று கேட்டாய், அடுப்பில் பால் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன், பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். அப்பா ஷிப்டு முடிந்து வந்ததும் உன்னைப் பற்றித்தான் கேட்கிறார். எட்சன் பெங்களூருக்கு பைக்கிலேயே போய்வருகிறான், அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வீடு சேரும்வரை நான் வாசலிலேயே நிற்பேன்.

மாடியில் குடியிருக்கிற ஜெயப்ரியா, வேப்பனப்பள்ளிப் பெண், கம்பெனியில் செல்போன் பாகம் பொருத்துகிறவள், போன மாதம் பேரிகை ரோட்டில் ஸ்கூட்டி வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர்கள் எல்லாம் ஆண்கள், சுற்றிலும் படிக்கிற பையன்கள். வலி தொடை இடுக்கில், இவள் வெட்கப்பட்டு முட்டி வலிக்குதுங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர்களும் முட்டியைப் படமெடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வலியோடு வேலைக்கும் போனாள், நின்றே செய்கிற வேலை. ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள், அதட்டிக் கேட்டபிறகுதான் வலிக்கிற இடத்தைக் காட்டினாள். “அத்தன பேரு முன்னாடி எப்புடி ஆன்ட்டி துணிய தூக்கிக் காட்டறது” என்றாள். உடனே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். தொடை எலும்பின் மேல்பக்கம் இருந்த விரிசல் நடந்து நடந்து முழுசாக விலகிவிட்டதாம். “மொதல்லயே சொல்லியிருந்தா ஸ்குரூ போட்டு சுலபமா முடிச்சிருக்கலாமேம்மா” என்றார் பெரிய டாக்டர். ஆபரேஷன் ஆகி இப்போது ஊன்றுகோலில் நடக்கிறாள், ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. கம்பெனியில் திரும்ப எடுப்பார்களா தெரியவில்லை, பேசிவைத்த மாப்பிள்ளை வீட்டிலும் சத்தமே இல்லை.

நேற்று கஞ்சி கொடுக்கப் போனபோது, “ரூபியக்கா மாதிரி ஒருத்தங்க அங்க இருந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன் ஆன்ட்டி, அக்கா எப்ப படிச்சி முடிச்சி வருவாங்க” என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

இதைச் சொல்லி உன்னைக் கட்டிப்போடுகிறேன் என்று நினைக்காதே பாப்பா. எலும்பைப் பிடித்து இழுக்க உனக்குப் பலம் போதாது என்று சீனியர்கள் சிரித்ததும், நோயாளியே உன்னை நர்ஸா என்று கேட்டதும் எனக்கும் தாங்கவில்லை. அத்தனை பேரில் நீ ஒருத்திதான் பெண் என்று நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. அந்தப் படிப்பே பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே கிளம்பி வா, யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். ஆனால் விலகின தோளை முதன்முதலாக நீயே பூட்டிவிட்டு சந்தோஷத்தில் போனில் கத்தினாயே, பக்கத்து அறையில் இருந்த அப்பாவே எழுந்து வந்துவிட்டார். அப்படிப் பிடித்த வேலையை அவர்கள் சிரித்ததற்காக விடுகிறாயா என்று யோசி. துறைத் தலைவரிடம் நேராகப் போய் நடந்ததைச் சொல், இதே படிப்பை முடித்த பெண் டாக்டர் எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் பேசு. அடுத்த வருஷம் ஒரு பெண் வந்து சேர்ந்தால் அவளுக்காவது பேச்சுத்துணைக்கு நீ இருப்பாய்.

எக்ஸ்ரே நேரத்தில் போடும் ஈயக் கவசம் உனக்குத் தொளதொளவென்று இருப்பதாகச் சொன்னாய், உன் அளவுக்குக் கேட்டு வாங்கிக்கொள், கூச்சப்படாதே. ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக. என்ன முடிவானாலும் முதலில் என்னிடம் சொல், ஜெயப்ரியாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மேரிராணி