உப்பில்லாத தோலும் மிச்சத் தண்ணீரும்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் பச்சைத் தோலின் வாசனை போகவில்லை. தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்தால் குளிக்காமல் கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று உங்களுக்குச் சட்டம் போட்டிருந்தேன். "மதர் சுப்பீரியர் உத்தரவு" என்று துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவீர்கள். இன்று நீங்கள் இல்லாத வீட்டுக்கு அந்த வாசனையை நானே தேடிப் போய் வாங்கி வந்திருக்கிறேன்.

எல்லாம் பாலாற்றோரம் நீங்கள் வாங்கிப்போட்ட மைதானத்தால்தான். நீங்கள் தோல் காயப்போட்ட அந்த இடத்தைப் பக்கத்து டேனரிக்காரர்கள் நீண்ட குத்தகைக்குக் கேட்கிறார்கள். முழுக்க சோலார் பலகைகள் வைப்பார்களாம். அதிலிருந்து மின்சாரம் வரும். பலகைகளின் முதுகில் ஏறும் சூட்டைக் கொண்டே ஓடும் ஒரு இயந்திரத்தால் தோல் வைக்கும் அறையைக் குளிர்விப்பார்கள். மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, விறகுக்குப் பதிலாக பாய்லருக்கு எரிப்பார்கள். மூன்றுமே சுத்தம் என்றார் அவர்களுடைய பொறியாளர். ஒரே மூச்சில் மூன்று நன்மை சொல்பவரிடம் சொல்லாத நான்காவதைத் தேடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

குளிர் அறை இருந்தால், தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பே வேண்டாமாம். உப்புப் போடாத தோல் நம் ஊர் வெயிலில் ஒரு நாள் தாங்குமா? சோதனைக்காக ஒரு சிறிய அறை கட்டியிருந்தார்கள். காலையில் நேரில் போனேன்.

பொறியாளர் அடுக்கின் மேலிருந்த தோலைத் தூக்கிக் காட்டினார். "நாலு நாள் ஆச்சும்மா. ஒரு கைப்பிடி உப்பு கூட போடல."

"மேல இருக்கிறது வேணாம். நடுவுல இருக்கிறதை எடுங்க."

உங்கள் காலத்து மேஸ்திரி காதர் பாய் இப்போது இவர்களிடம்தான் இருக்கிறார்; பக்கத்தில் நின்று சிரித்தார். "இன்னா சார் முழிக்கிறீங்க? எங்க பழைய மேனேஜர் வீட்டம்மா. இவங்க கிட்ட மேல் தோலைக் காட்டினா பேஜாருதான்."

அடுக்கின் நடுவில்தான் சூடு தங்கும், கெடுவதும் அங்கேதான் தொடங்கும் என்பீர்கள். உங்களைப் போலவே வயிற்றுப் பக்கத்து முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். தோல் கெட்டிருந்தால் முடி கையோடு வந்திருக்கும். வரவில்லை. இன்னோர் இடத்தில் இழுத்தேன். அங்கேயும் வரவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இப்போ நம்பறீங்களாம்மா?"

"குளிரை நம்பறேன். ஹைட்ரஜனுக்குத் தண்ணி ஏது?"

"உங்க மைதானத்துலயே போர் போடுவோம்."

"அது உப்புத் தண்ணியாச்சே."

"வடிகட்டி சுத்தம் பண்ணிடுவோம்."

"வடிகட்டின மிச்ச உப்புத் தண்ணி?"

அவர் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். "அது கொஞ்சம்தாம்மா. ஒரு ஓரமா விட்டுடலாம்."

நீங்களும் கொஞ்சம்தான் என்றீர்கள். தோலிலிருந்து உதறிய உப்பை மைதானத்தின் ஓரத்தில் கொட்டச் சொன்னது நீங்கள்தானே. அடுத்த தோட்டத்துக் கிணறு கரிக்கத் தொடங்கியதும் அந்த வீட்டுப் பெண் ஒரு சொம்புத் தண்ணீரோடு நம் வாசலுக்கு வந்தாள். "நீங்களே குடிச்சுப் பாருங்கம்மா" என்றாள். குடித்தேன். உள்ளே நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மரியாதைக்காக, "நல்லாத்தானே இருக்கு" என்றேன். பொய் சொன்னால் முட்டி போட வைக்கும் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். அவள் மிச்சத் தண்ணீரை நம் செம்பருத்திச் செடிக்கு ஊற்றாமல் தெருவில் கொட்டிவிட்டுப் போனாள். இரண்டு கோடையில் தோட்டம் பட்டுப்போனது. அவர்கள் ஜோலார்பேட்டைப் பக்கம் போய்விட்டார்கள். அதைப் பற்றி நீங்களும் நானும் ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை.

இன்று நான் கையெழுத்துப் போடவில்லை. மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். மாதாமாதம் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரை நான் குடித்துப் பார்ப்பேன் என்பதையும் சேர்க்கச் சொன்னேன்.

"அதுக்கு லேப் ரிப்போர்ட் தருவோமேம்மா."

"தாங்க. நான் குடிச்சும் பார்ப்பேன்."

அந்தச் சொம்புத் தண்ணீரின் கரிப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. இந்த முறை உப்பாக இருந்தால், உப்பு என்றே சொல்வேன்.