கொரலீக்கு இரண்டு கையெழுத்து

லேக்ஸ் என்ட்ரன்ஸ்
பிப்ரவரி 19, புதன்கிழமை

அன்புள்ள டெஸ்ஸாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தனித்தனியே நலம். அங்கே நீயும் கால்லமும் குழந்தை ஐலாவும் சேர்ந்தே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அபர்டீனில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் காட்டினார்கள், குழந்தைக்குக் காதை மூடுகிற தொப்பி போட்டுவிடு, சின்ன வயதில் உனக்கு வந்த காதுவலி எனக்கு இன்னும் மறக்கவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், உடனே நான் பேச்சை மாற்றிவிடுவேன், விஷயம் முழுசாகப் போய்ச் சேராது. நம் படகு கொரலீ விலைபோய்விட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கூடவே இன்னொரு விஷயமும் இருக்கிறது, அது வருகிற இடத்தில் வரும்.

போன மார்ச்சில் விளம்பரம் கொடுத்தது உனக்குத் தெரியும். அதிலிருந்து பதினோரு மாதம் ஒன்றும் நகரவில்லை. பேர்ன்ஸ்டேலில் இருக்கிற மெர்வின் என்ற தரகரிடம் ஒப்படைத்திருந்தோம், நல்ல மனிதர்தான், ஆனால் எப்போது கூப்பிட்டாலும் ஒரே பாட்டு. சந்தை படுத்துக் கிடக்குது லொரெய்ன், என் கையில பதினேழு படகு நிக்குது, வாங்குறேன்னு வர்றவன் ஒருத்தன், அவனும் பொழுதுபோகாமத்தான் வர்றான் என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. டீசல் விற்கிற விலைக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களே குறைந்துவிட்டார்கள், போகிறவர்களுக்கும் இரும்புப் படகோ அலுமினியப் படகோதான் வேண்டியிருக்கிறது, நாற்பது வருஷத்து மரப்படகை யார் சீந்துகிறார்கள். குளிர்காலத்தில் நம் பக்கத்தில் கட்டிக் கிடந்த கிளெமென்ட்ஸ் வீட்டுப் படகை விற்க முடியாமல் கரையேற்றி, மண் அள்ளுகிற இயந்திரத்தைக் கொண்டுவந்து நொறுக்கினார்கள். நான் ரொட்டி வாங்கப் போனவள் நின்று பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, விறகுக்கு வேண்டும் என்கிறவர்கள் எடுத்துப்போகலாம் என்றார்கள். கொரலீயின் தகுதிச் சான்றிதழ் இந்த மார்ச்சோடு முடிகிறது, அதற்குப் பிறகு அதற்கும் அந்த கதிதான் என்பது எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். படகு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கை மாறும். இரண்டு வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டதை எல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம், அந்த நிலைமையில் இந்த வியாபாரம்.

அவர் படகிலேயே குடியிருந்தார் என்பதுதான் சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் படகுல இருந்துக்குறேன் லொரெய்ன், இங்க எனக்குத் தூக்கம் வரல என்று சொல்லி ஒரு பையோடு போனவர் போனவர்தான். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை, நானும் தடுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரே படகில் வேலை பார்த்துவிட்டு ஒரே வீட்டுக்குத் திரும்பினால் ஒருவர் முகம் ஒருவருக்கு அலுத்துத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன். யாராவது படகு பார்க்க வரும் நாட்களில் நான் துறைக்குப் போவேன், அவர் படகைக் கழுவி வைத்திருப்பார், வந்தவர்களுக்கு இன்ஜின் அறையைக் காட்டுவார், நான் மேலே நிற்பேன். வந்தவர்கள் ஒருவர் தவறாமல் யோசித்துச் சொல்கிறோம் என்று போவார்கள், அதோடு சரி. மெல்போர்னிலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது, போர்ட் ஆல்பர்ட்டிலிருந்து ஒருவர் மச்சானோடு வந்தார், இன்னும் நாலைந்து பேர். நவம்பரில்தான் மெர்வின் போனில் பொறுக்க முடியாமல் சொன்னார். உன் வீட்டுக்காரர், தப்பா எடுத்துக்காதே, பழைய வீட்டுக்காரர், வர்றவனை எல்லாம் அவரே விரட்டுறார், கேட்ட குறைக்கும் பதில் சொல்றார், கேக்காத குறையையும் தேடி எடுத்துக் காட்டுறார் என்றார்.

அன்றைக்கே துறைக்குப் போனேன். மீன் பொரித்துக்கொண்டிருந்தார், எனக்கும் ஒரு தட்டு வைத்தார், நான் உட்காரவில்லை. விக்கணுமா வேண்டாமா சொல்லிடு நெவில் என்று கேட்டேன். விக்கணும் என்றார். அப்ப ஏன் இன்ஜின் ஒரு தடவை தண்ணியில முங்குனதை அந்த ஆள்கிட்ட சொன்னே என்றேன். முங்குச்சே என்றார். அவன் கேட்டானா என்றேன். கேக்கத் தெரியாதவன்கிட்டதான் சொல்லணும் லொரெய்ன், தெரிஞ்சவன் அவனே பாத்துக்குவான் என்றார். பொய் சொல்லச் சொல்லல, வாயை மூடிக்கிட்டு இருன்னுதான் சொல்றேன் என்றேன். முகத்துவாரத்துல அலை பின்னாடி ஏறும்போது உள்ள வர்ற தண்ணிய இறைக்கிற பம்ப் நிக்கும்னு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, அங்க வச்சு அவன் தெரிஞ்சுக்கணுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் தணியவில்லை, தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நியாயம் பேசுகிற மாதிரி பேசி, இருக்கிற கூரையைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இதை உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஜனவரி கடைசியில் ஈடனிலிருந்து ரேலீன் என்று ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும், வெயிலில் உரிந்த மூக்கு, கைக்கு அடக்கமாக ஒரு நோட்டுப் புத்தகம். முக்குளித்துக் கடல் முள்ளெலி எடுக்கிற கூட்டம் ஒன்றை நடத்துகிறாளாம், ஜப்பான்காரர்கள் வாங்கிப் போகிறார்களாம், நாம் வலையில் வந்தால் திட்டிக்கொண்டே தூக்கிப் போடுவோமே, அதே முள்ளுருண்டைச் சனியன்தான். உன் அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். அடிப்பலகையில் இடது பக்கம் பலகை இடுக்கை அடைக்கிற கலப்பத்து இரண்டு தடவை பிரிந்து மறுபடி அடைத்தது, சுக்கான் குளிர்காலத்தில் இறுகும், இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீர்க் குழாய் பழசு, பம்ப் கதை, இன்ஜின் முங்கிய கதை. நான் துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதுவும் போயிற்று என்று நின்றேன். அவள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, இன்னும் என்றாள். அவர் இன்னும் சொன்னார். இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் சமையல் அடுப்பின் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதையும் சொல்லிவிட்டு, அவ்வளவுதான் என்றார். அவள் நோட்டை மூடினாள். போன படகை வித்தவன் ஒரு குறையும் இல்லைன்னு சத்தியம் பண்ணான், எட்டு மாசத்துல அது கேபோ தீவுப் பக்கம் கீழ போயிருச்சு, ரப்பர் ஓடத்துல நாலு மணி நேரம் உக்காந்திருந்தோம், இது போதும், நான் எடுத்துக்கிறேன் என்றாள். நாங்கள் கேட்ட விலைக்கு அல்ல, அதை நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய், நானும் பேரம் பேசவில்லை. படகை ஈடனுக்குக் கொண்டுவந்து விட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள், இப்போதைக்கு அவள் ஆட்களில் இவ்வளவு பெரிய படகுக்கு ஓட்டுநர் சான்று உள்ளவர்கள் யாரும் இல்லை.

மறுநாள் படகின் மேசையிலேயே தாள்களை வைத்தோம். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் அப்பா பேனாவை எடுத்தார், கீழே வைத்தார், நீங்க மேல போங்க, நான் படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன் என்றார். இருபது நிமிஷம் நானும் ரேலீனும் மேலே நின்றோம், மனசு வரல போல, பாவம் என்றாள் அவள். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டேன். தாளோடு வந்தார், கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை போட்டது மாதிரி கோணிக்கொண்டிருந்தது. அவள் போன பிறகு, பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, இனி நீ எங்க இருப்பே நெவில் என்று கேட்டேன். கேரவன் பார்க்குல ஒரு வண்டி வீட்டுக்கு இடம் சொல்லிவச்சு மூணு மாசமாச்சு, தண்ணிப் பக்கம் இல்ல, ரோட்டுப் பக்கம்தான் கிடைச்சுது என்றார். மூன்று மாதம் என்றால், நான் தட்டை வைத்துவிட்டு வந்தேனே, அதே சமயம். கூரைக்காக அல்ல என்று அப்போது புரிந்தது. வீட்டில் உன் பழைய அறை காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை, வெளுக்கிற நேரத்தில், கடல் ஏறுகிற சமயம் பார்த்துக் கிளம்பினோம். முகத்துவாரத்தை நான்தான் தாண்டினேன், அவர் மேல்தளத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். ஏன் சுக்கானை என்னிடம் கொடுக்கிறார், கடைசித் தடவை அவர்தானே பிடிக்க ஆசைப்படுவார் என்று ஒரு நினைப்பு வந்தது. ஹிக்ஸ் முனை கலங்கரை விளக்கத்தைத் தாண்டி ஒரு மணி நேரத்தில், அந்தப் பட்டியலில் இருந்த தண்ணீர்க் குழாய் பிய்த்துக்கொண்டது. இன்ஜினை நிறுத்தினேன், அவர் கீழே இறங்கினார். காற்று தெற்கிலிருந்து, படகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் ஒதுங்கியது, பாறை மேல் நுரை தெரிகிற தூரம் வந்துவிட்டது. ஐந்து நிமிஷ வேலை, கால் மணி ஆகியும் சத்தம் இல்லை. நான் இறங்கிப் பார்த்தேன். புதுக் குழாயை மாட்டிவிட்டார், அதைப் பிடிக்கிற வளையத்தின் திருகாணியில் திருப்புளி நிற்கவில்லை, வைக்கிறார், வழுக்குகிறது, வைக்கிறார், வழுக்குகிறது. வலது கை தனியாக ஆடிக்கொண்டிருந்தது, அது அவருடையது இல்லை என்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கேக்க மாட்டேங்குது லொரெய்ன், நீ முடுக்கு என்றார். வாங்கி முடுக்கினேன், நாலே சுற்று. மேலே போய் இன்ஜினைப் போட்டு, படகைக் கடல் பக்கம் திருப்பி, நுரை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எத்தனை நாளா என்று கேட்டேன். ரெண்டு வருஷம் இருக்கும் என்றார். டாக்டர்கிட்ட போனியா என்றேன். போனேன், மெல்போர்ன்ல ஒருத்தரைப் பாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார், போகல என்றார். படகின் குறையை வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்ன மனிதர் தன் கையைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் வீட்டை விட்டுப் போய் எத்தனை காலம் ஆயிற்று என்று மனதில் எண்ணிப் பார்த்தேன். அதை மட்டும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேபோ வரும்வரை இரண்டு பேரும் கொண்டுபோன ரொட்டியைத் தின்றோம். டெஸ்ஸாகிட்ட சொல்லாதே, அது வேலையை விட்டுட்டுக் கிளம்பி வந்துடும் என்றார். சரி சொல்லல என்றேன். இதோ எழுதிவிட்டேன், நான் அவ்வளவு நேர்மையான ஆள் இல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

பொழுது சாய ஈடன் போய்ச் சேர்ந்தோம். ரேலீன் ஆட்களோடு நின்றிருந்தாள், சாவியைக் கொடுத்தோம். உன் அப்பா படகை ஒரு தடவை முன்னிருந்து பின் வரை பார்த்துவிட்டு, அந்த அடுப்புக் கதவுக்கு ஒரு கொக்கி போட்டுக்கோ என்று அவளிடம் சொன்னார். விடுதியில் இரண்டு அறை எடுத்துத் தங்கி, மறுநாள் பேருந்து ஏறினோம். பாதி பேருந்து காலி, அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் நாலு வரிசை பின்னால் உட்கார்ந்தேன்.

நீ உடனே டிக்கெட் போடாதே, அதுதான் உனக்கு என் முதல் புத்திமதி. மெல்போர்ன் மருத்துவரிடம் மார்ச் பதினான்காம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், நான்தான் கார் ஓட்டிப் போகிறேன், இது அவருக்கு நேற்றுத்தான் தெரியும், முணுமுணுத்தார், மறுக்கவில்லை. மருத்துவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு, நீ வருவதைப் பற்றி யோசிப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கூப்பிடு, கேரவன் பார்க்கில் சிக்னல் நன்றாக இருக்கிறது, படகில் கிடைக்கவில்லை என்ற சாக்கு இனி இல்லை. எடுத்ததும் உடம்பைப் பற்றிக் கேட்காதே, கால்பந்தைப் பற்றிக் கேள், இந்த வருஷம் அவருடைய அணி உருப்படாது என்று சொல், அரை மணி நேரம் பேசுவார். பிறகு மெதுவாக, இப்போதெல்லாம் ஏன் கடிதம் போடுவதில்லை என்று கேள். அவராகச் சொல்ல ஒரு வழி விட வேண்டும். குழந்தையை அவரோடு பேச வை, அவள் புரியாத பாஷையில் பேசினாலும் பரவாயில்லை. கால்லமிடம் என் அன்பைச் சொல், மாடிப்படிக்குக் கதவு போட்டாயிற்றா என்று கேட்டதாகவும் சொல், தவழ்கிற பிள்ளை இருக்கிற வீடு.

எழுத மறந்தேன், பேருந்து கேன் ரிவர் ஊரில் இருபது நிமிஷம் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் காலை நீட்டிக்கொண்டு நின்றேன், உன் அப்பா கடை வாசலிலிருந்து, லொரெய்ன், ரெண்டு டீ வாங்கியிருக்கேன், வந்து எடுத்துட்டுப் போ என்று கூப்பிட்டார், நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் கூப்பிட்டார். போனேன். அவருடையதில் பாதியைக் கீழே கொட்டிவிட்டு, மூடியை அழுத்தி மூடி, இடது கையில் கொடுத்தேன். அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார், நான் என் இடத்துக்குப் போனேன். ஆர்போஸ்ட் வந்தபோது எட்டிப் பார்த்தேன், சிந்தாமல் குடித்து முடித்திருந்தார்.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள், இரவு வேலைக்குப் போகிற நாட்களில் வெறும் வயிற்றோடு போகாதே. ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே.

என்றும் உன் அம்மா,
லொரெய்ன்