கதையில் இல்லாத நாலாவது வீடு

செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை மூன்று பேரும் சுகம், நீயும் சுகமென்று போனில் சொல்கிறாய், அதில் பாதியை நம்பிவிட்டேன், மீதியை நேரில் பார்த்து நம்பிக்கொள்கிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே, உன் கதையை நாலு பேருக்குப் போட்டுக் காட்டாமல் என்ன எழுதுவது என்றுதான் இருந்தேன்.

உன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகும் அந்தக் கதையை நீ பதிவு செய்து அனுப்பினாயே, அதை ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் போட்டேன். தைத்து முடித்த உன் புதுச் சட்டையைக் கொடுக்கக் கீழ்வீட்டுத் தையல் அக்காவும் வந்திருந்தார், தெரியுமே, ஊசியில் நூல் கோக்கும் முன்கூட வேண்டிக்கொள்கிறவர். உன் அப்பாவோ மேலே மேகத்தைத் தவிர எதுவும் கிடையாது என்கிறவர், இரண்டு பேரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டாலே வாக்குவாதம்தான். உன் கதை ஓட ஆரம்பித்தது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், முதல் வீட்டார் வேண்டிக்கொள்கிறார்கள், இரண்டாம் வீட்டார் பக்கத்தில் பேசாமல் கண்மூடி உட்காருகிறார்கள், சாமியில்லாத மூன்றாம் வீட்டார் வெந்நீர் வைத்து மருந்து கொடுக்கிறார்கள், காலையில் குழந்தை எழுந்து பசிக்கிறது என்கிறது, அதுவரை அக்காவும் அப்பாவும் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். பிறகு எப்படிச் செய்தாலும் எல்லாம் ஒன்றுதான் குழந்தைகளே என்று நீ முடித்தாயே, அங்கேதான் வந்தது வினை. அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது, ஏம்மா, நான் உருகி உருகி வேண்டிக்கறதும் உங்க வீட்டுக்காரர் வெந்நீர் வைக்கறதும் ஒண்ணா என்று என்னைக் கேட்டார். அதானே, அக்கா கேக்கறது சரி, அது எப்படி ஒண்ணாகும் என்றார் அப்பா. அவர்கள் ஒரே கட்சியில் நின்று நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அந்த வரி நான் நச்சரித்துத்தான் நீ சேர்த்தது. வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் பெற்றோரும் வருகிறார்கள், யாராவது முகம் சுளித்தால் கதை சொல்வதை நிறுத்திவிட்டுப் பழையபடி சமயப் பாடத்தை ஒப்பிக்க வைக்கச் சொல்லிவிடுவார் தலைமையாசிரியை என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லூரிப் பரீட்சைக்குப் படித்தபோதுகூட இவ்வளவு பயமில்லை. யாருக்கும் வலிக்காமல் முடிக்கச் சொன்னேன், இரண்டு பேருக்கும் வலித்தது. எடுத்துவிடு. பசிக்கிறது என்று குழந்தை சொல்வதோடு நிறுத்து, எதனால் பிழைத்தது என்று பிள்ளைகள் கேட்டால் உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று திருப்பிக் கேள், நீ தீர்ப்பு சொல்லாதே. மறுநாள் நானே அக்காவை மறுபடி கூப்பிட்டு அந்த வரிக்கு முன்னால் நிறுத்திப் போட்டுப் பார்த்தேன், டீ ஆறி ஆடை கட்டும்வரை இரண்டு பேரும் பேசினார்கள், சண்டைதான், ஆனால் யாருக்கும் முகம் சுண்டவில்லை. கடைசியில் அக்கா, அந்த ரெண்டாவது வீட்டுக்காரங்க பேசாம உக்காந்து என்னதான் பண்றாங்க என்று கேட்டார், அப்பாவுக்கும் தெரியவில்லை, உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். உன் கதை ஜெயித்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நம்ம வாலு, உன் தங்கை, சும்மா இருப்பாளா, அம்மா எந்த வீடு என்று கேட்டாள். அது பயப்படற வீடு, கதைல இல்ல என்றார் உன் அப்பா. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சட்டையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், நீ இளைத்திருந்தால் தெரிந்துவிடும், பழைய அளவுக்குத்தான் தைத்திருக்கிறார். பேசும் முன் தண்ணீர் குடி, வேகமாகப் பேசாதே, காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. உன் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கட்டும், எங்கள் எல்லோருடைய ஆசியும் உனக்கு உண்டு. வெள்ளிக்கிழமை நீ கதை சொல்லி முடிக்கும்வரை நான் இங்கே வேண்டிக்கொள்வேன், கொஞ்ச நேரம் பேசாமல் கண்மூடி உட்காருவேன், யாருக்கும் காய்ச்சலில்லை என்றாலும் வெந்நீர் வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
நாலாவது வீட்டிலிருந்து
உன் அம்மா