அறுபது வாட்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வேலை நடுவே கரண்ட் போனது. தெருவில் கம்பம் மாற்றுகிறார்கள்; நினைத்த நேரத்தில் நிறுத்துகிறார்கள். கூட்டங்களில் பேசுவதைக் கேட்டு உடனுக்குடன் தட்டித் தருவது என் வேலை. காது கேளாதவர்கள் அதைத் திரையில் படிக்கிறார்கள். யாரோ முக்கியமாக ஏதோ சொல்ல வந்தார் — அத்தோடு திரை கறுத்தது.

வேலை கொடுக்கும் பெண் போன் செய்தாள். "இன்னொரு தடவ லைன் போச்சுன்னா வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்ளவில்லை. பயம்தான். இதுவும் போனால் நாள் முழுக்க என் காதில் ஒரு மனிதக் குரல்கூட விழாது.

மார்ச் 5

கரண்டுக்கு என்ன செய்யலாம் என்று தம்பியிடம் போனில் கேட்டேன். கல்யாணமாகிப் போகும்வரை வயர், ஸ்விட்ச் எல்லாம் அவன் பொறுப்பு. "பெரிய இன்வெர்ட்டரா போட்டுடுக்கா" என்றான். பின்னாலிருந்து அவன் மனைவி கூப்பிட்டாள். "அப்புறம் பேசறேன்."

மார்ச் 6

கடைக்குப் போனேன். என்னென்ன ஓட வேண்டும் என்றார் கடைக்காரர். ரௌட்டர், பேட்டரி செத்த பழைய லேப்டாப், ஒரு மேசை விளக்கு.

"வீட்ல எத்தன பேரு?"

"நான்தான்."

"அப்ப இன்வெர்ட்டர் எதுக்கு மேடம்? மொத்தமே அறுபது வாட்டு. இந்தச் சின்ன யுபிஎஸ்ஸே முக்கா மணி நேரம் இழுக்கும்."

நியாயமாகத்தான் சொன்னார். ஆனாலும் பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த அறுபதையே நினைத்தபடி வந்தேன். என் வீடு இவ்வளவுதானா?

மார்ச் 8

கரண்ட் போகவில்லை. தம்பியும் கூப்பிடவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலைக் கூட்டத்தின்போது கரண்ட் போனது. திரை அணையவில்லை! யுபிஎஸ் பெட்டி மட்டும் பீப், பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. ஹெட்போன் இருந்ததால் பொருட்படுத்தவில்லை. வேலை முடித்துக் கழற்றினால், யாரோ கதவை உடைக்கிற மாதிரி தட்டுகிறார்கள்.

பக்கத்து வீட்டு நர்ஸ். நாலு வருஷமாகப் படியில் ஒரு தலையசைப்பு, அவ்வளவே பழக்கம். நைட் டியூட்டி முடித்துத் தூங்கியவள். கலைந்த தலை, வெறுங்கால், மூச்சிரைப்பு.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன?"

"அந்தச் சத்தம்... எங்க வார்டுல அப்படிக் கேட்டா யாருக்கோ ஆபத்துன்னு அர்த்தம். தூக்கத்துலயே ஓடி வந்துட்டேன்."

பெட்டியைக் காட்டினேன். சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும்தான். அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்துடுச்சு. எனக்காக ஒருத்தி செருப்புகூடப் போடாம ஓடி வந்திருக்கா.

மார்ச் 12

மறுபடி கரண்ட் இல்லை. போன் சார்ஜ் போட வந்தாள். சத்தத்தை நிறுத்தும் பட்டனை அவளே தேடி அழுத்தினாள். "அலாரத்த அடக்கறதுதாங்க என் பொழப்பே."

மார்ச் 17

கம்பம் வேலை முடிந்துவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இனி அவள் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை.

சாயங்காலம், அவள் எழுந்திருக்கும் நேரம் பார்த்து, நானே போய்த் தட்டினேன்.

"என்ன, கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல. சும்மா வந்தேன்."

கதவை அகலத் திறந்தாள். அறையில் இருந்ததே ஒரு நாற்காலிதான். அதில் குவிந்திருந்த துணியை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, "உக்காருங்க" என்றாள்.